படம் கெட்டால் பெட்டியைப் பழிக்காதீர்
(தோட்டப் பொதுமண்டபத்தில் ஆற்றிய உரை)

 

நம் நாட்டில் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. 1978இல் வண்ணப் படம் வந்தது. இன்றோ தட்டைத் திரைப் பெட்டி இல்லாத தோட்டத்து வீடு அரிது. ஆயினும், படம் சற்றுக் கெட்டவுடன் “பெட்டி போய்விட்டது” என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அண்மையில் நான் சென்ற ஒரு தோட்டத்தில், ஓர் அண்ணன் அவ்வாறே எண்ணிப் பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தவணை முறையில் புதியது வாங்கினார். புதிய பெட்டியிலும் அதே கோளாறு! குற்றம் கூரைமேல் துருப்பிடித்துக் கிடந்த ஏரியல் இணைப்பில் இருந்தது. இணைப்பு ஒரே மாலையில் சீராயிற்று. தவணையோ மாதந்தோறும் அவர் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. இந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம்.

முதலில், கோளாறு பெட்டியிலா, வெளியிலா என்று அறிய வேண்டும். ரிமோட்டை அழுத்தி, பெட்டியின் சொந்த மெனுவைத் திரைக்குக் கொண்டுவாருங்கள். மெனு தெளிவாக இருந்து, நிகழ்ச்சி மட்டும் கட்டங்கட்டமாகச் சிதறினாலோ உறைந்து நின்றாலோ, பெரும்பாலும் ஏரியல், கம்பி, இணைப்பு ஆகியவற்றிலேயே குறை இருக்கும். 2019 அக்டோபர் 31ஆம் நாளோடு பழைய அனலாக் ஒளிபரப்பு நாடு முழுவதும் நின்றுவிட்டது. அக்காலத்தில் அலை பலவீனமானால் திரையில் புள்ளிகள் தெரியும். டிஜிட்டலிலோ படமே சிதறும் அல்லது மறையும். இணைப்புகளை இறுக்கி, ஏரியலின் திசையைச் சரிசெய்து, அலைவரிசைகளை மீண்டும் தேடிப் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, ஒலி கேட்கிறது. திரை மட்டும் இருண்டிருக்கிறது. அறை விளக்கை அணைத்து, டார்ச் லைட்டைத் திரைக்கு அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைந்தால், திரை நன்றாகவே உள்ளது. அதன் பின்னால் ஒளி தரும் விளக்கு வரிசையோ, அதற்கு மின்சாரம் தரும் பகுதியோ பழுதாகியிருக்கிறது. இது பழுதுபார்ப்பவரால் சீர்செய்யக்கூடியதே. விளக்குகளை மாற்றுவதாயின், எல்லா வரிசைகளையும் ஒருங்கே மாற்றச் சொல்லுங்கள். ஒன்று கெட்டால் அதே வயதுடைய மற்றவையும் விரைவில் கெடும். பின்னொளியின் அளவைச் சற்றுக் குறைத்து வைத்தால் விளக்குகள் நெடுநாள் உழைக்கும்.

மூன்றாவது, மெனுவின் மீதும் செங்குத்துக் கோடுகள் நீங்காமல் நின்றால், குறை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. திரையோடு சேரும் இணைப்பில் குறையெனில் சீராகலாம். திரையே பழுதெனில், அல்லது அடிபட்டு விரிசல் கண்டிருந்தால், மாற்றும் செலவு பெரும்பாலும் புதிய பெட்டியின் விலையை நெருங்கும். அப்போது புதியது வாங்குவதே அறிவுடைமை. எதுவாயினும், வேலைக்கு முன்பே கூலியையும் பொருள் விலையையும் எழுதி வாங்குங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியின் முதுகைத் திறக்காதீர்கள்! பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். அது உயிரையே பறிக்கும். கூரை ஏறுவதும் துணையோடு, மழையில்லா வேளையில் மட்டுமே. இடிமழை வருமென அறிந்தால், அது நெருங்கும் முன்பே பிளக்கையும் ஏரியல் கம்பியையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பின் அவற்றைத் தொடாதீர்கள்.

பால் மரத்திலும் செம்பனையிலும் வியர்வை சிந்தி ஈட்டிய பணம் அது. மெனுவை ஒருமுறை பார்ப்பதற்கும், டார்ச் லைட்டை ஒருமுறை அடிப்பதற்கும் ஒரு சென் கூடச் செலவில்லை. முதலில் பாருங்கள், பிறகு பணத்தை எடுங்கள்.