மாதிரித் தேர்வின் மதிப்பெண் சொல்வது என்ன?

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டிற்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலை சற்றே விலகி வழிவிடும் இடத்தில், வாளையார் என்னும் ஊர் அமைந்துள்ளது. அணையும், சிமெண்டு ஆலையும், ஓயாது செல்லும் லாரிகளும் அவ்வூரின் அடையாளங்கள். இப்பால் தமிழ்நாடு, அப்பால் கேரளம். எல்லைக்கோடு மண்ணைப் பிரித்ததே ஒழிய மொழியைப் பிரிக்கவில்லை. பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

அண்மையில் வாளையாரில் லாரி ஓட்டும் அன்பர் ஒருவர் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தோம். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்கான நீட் தேர்வுக்குப் பயின்று வருகிறாள். தந்தையார் இரண்டு தாள்களை நம்முன் வைத்தார். “ஐயா, சென்ற மாதத்து மாதிரித் தேர்வில் 432; இம்மாதம் 412. படிக்கப் படிக்கக் குறைகிறதே! இன்னும் ஓராண்டு பயிற்சிக்கு அனுப்பக் கடன் வாங்கவேண்டும். வாங்கலாமா, வேண்டாமா? இந்த எண் என்ன சொல்கிறது?” என்று வினவினார்.

பம்பாயிலும் டில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றிலும் இதே வினா எழுகிறது. ஆதலின் அதற்கு நாம் கண்ட விடையை இங்கே கூறுகின்றோம்.

முதலில் கணக்கு. 2025-ஆம் ஆண்டுத் தேர்வில் வினாக்கள் 180. மொத்த மதிப்பெண் 720. காலம் 180 நிமிடம். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று கழிவு. விடாது விட்ட வினாவுக்கு ஏதுமில்லை. ஆகவே, ஒரே கூட்டுத்தொகை பல வழிகளில் வரக்கூடும். அச்சிறுமி 113 வினாக்களுக்குச் சரியாகவும் 40-க்குத் தவறாகவும் விடை எழுதி, 27-ஐ விட்டிருந்தாள். 452-இல் 40 போக 412. அவளுடைய தோழிக்கும் அதே 412தான். ஆனால் தோழி எழுதியவற்றில் 104 சரி, நான்கே தவறு, 72 வினாக்களைத் தொடவே இல்லை. முன்னவள் துணிந்து பிழை செய்கிறாள். பின்னவளோ பாடத்தை முடிக்கவில்லை, அல்லது நேரம் போதாமல் தவிக்கிறாள். எண் ஒன்றே, குறையோ வெவ்வேறு. இருவருக்கும் “இன்னும் நன்றாகப் படி” என்று ஒரே மருந்தைக் கொடுப்பது பொருந்துமா?

ஐயமுள்ள வினாவின் ஓரத்தில் புள்ளி வைக்கும் பழக்கம் அச்சிறுமிக்கு இருந்தது. அது பெரிதும் உதவியது. புள்ளிகளை எண்ணினோம். 40 வினாக்களுக்கு அவள் ஒன்றும் அறியாமல், கைக்கு வந்ததைக் குறித்திருந்தாள். அவற்றுள் 10 பொருந்தின, 30 பொருந்தவில்லை. அதனால் கிடைத்தது 10 மதிப்பெண். பழைய தாளிலும் அவ்வாறே 40 புள்ளிகள். ஆனால் அன்று 14 பொருந்தியிருந்தன. 56-இல் 26 போக 30 மதிப்பெண். இவ்விரு தொகைகளையும் கழித்துப் பார்த்தபோது, இரு தேர்வுகளிலும் மீந்தது 402தான்!

தந்தையாருக்கு இதை விளக்க நாம் தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. எடை மேடையில் ஏறிய லாரிக்குக் காட்டும் எண், வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. வெறும் வண்டியின் எடையைக் கழித்தால்தான் சரக்கின் எடை தெரியும் என்பது அவருக்குப் பழகிய செய்தி. “அப்படியானால் சரக்கு குறையவில்லை என்கிறீர்களா?” என்றார். ஆம், குறையவில்லை, கூடவுமில்லை. இரண்டையும் அவர் அறியவேண்டியிருந்தது.

நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நெடுங்காலச் சராசரியில் வினாவுக்குக் கால் மதிப்பெண் வரவே செய்யும். அதனால் அது நட்டமன்று, ஆனால் நிலையற்றது. இவ்வாறு 40 வினாக்களைக் குறிப்போர்க்கு ஆறு பொருந்துவதும் இயல்பே. பதினான்கு பொருந்துவதும் இயல்பே. ஆறு பொருந்தினால் 10 இழப்பு. பதினான்கு பொருந்தினால் 30 வரவு. அறிவில் அணுவளவும் மாற்றமின்றி 40 மதிப்பெண் ஏறவும் இறங்கவும் கூடும். தவறென்று உறுதியாய்த் தெரிந்த இரண்டு விடைகளை நீக்கிவிட்டு, எஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறிப்பவருக்கோ சராசரி ஒன்றரை மதிப்பெண். அரைகுறை அறிவுக்கும் பயனுண்டு. ஆனால் அதை அறிவென்று மயங்கலாகாது.

அவள் செய்த மற்றைப் பத்துப் பிழைகள் வேறு வகை. பாடம் தெரிந்திருந்தும், “தவறானது எது” என்ற வினாவைச் “சரியானது எது” என்று படித்தவை. அலகை மாற்ற மறந்தவை. இத்தகைய பிழை ஒன்றைத் திருத்தினால் கழிவு ஒன்று நீங்கி நான்கு சேரும். ஆக ஐந்து மதிப்பெண். பத்தைத் திருத்தினால் ஐம்பது. புதிய பாடம் ஒன்றும் படியாமலே 412 என்பது 462 ஆகும். மாதிரித் தேர்வின் உண்மைப் பயன் இங்கேதான் இருக்கிறது.

அடுத்து, ஒப்பிடுதல். பயிற்சி நிலையங்கள் சதமானம் என்றொரு எண்ணையும் தருகின்றன. நூற்றுக்கு எத்தனை பேர் நமக்குப் பின்னே நிற்கிறார்கள் என்பது அதன் பொருள். யார் அந்த நூறு பேர் என்று கேட்க வேண்டும். தேர்ந்தெடுத்த மாணவர் முந்நூறு பேரிடையே நடுவில் நிற்பது ஒன்று. நாடெங்கும் எழுதிய 22 இலட்சம் பேரிடையே நடுவில் நிற்பது வேறொன்று.

ஆண்டுக்கு ஆண்டு வினாத்தாளின் கடுமையும் மாறுகிறது. 2024-இல் 600-க்கு மேல் பெற்றோர் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர். 2025-இல் தாள் கடினமாகவே, அந்த அளவை எட்டியவர் ஆயிரத்து நானூறு பேர்கூட இல்லை. பொதுப் பிரிவினரின் தகுதி மதிப்பெண்ணும் 162-இலிருந்து 144-ஆக இறங்கியது. ஆகையால் மாதிரித் தேர்வில் பெற்ற எண்ணைச் சென்ற ஆண்டின் பட்டியலோடு நேரே பொருத்திப் பார்த்து மகிழ்வதும் வருந்துவதும் பயனற்றவை. மேலும், தகுதி பெறுதல் வேறு. இடம் பெறுதல் வேறு. 2025-இல் தகுதி பெற்றோர் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், எம்.பி.பி.எஸ். இடங்களோ ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவை மட்டுமே.

எல்லையோர மக்களும் வெளி மாநிலத்தவரும் கருதவேண்டியது மற்றொன்று உண்டு. அத்தந்தையார், கோவையில் உறவினர் மகன் குறைந்த மதிப்பெண்ணில் இடம் பெற்றதைச் சுட்டி, “நம் பெண்ணுக்கு ஏன் கிடைக்காது?” என்றார். அப்பிள்ளை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பயின்றவன். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்ஙனம் பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2020-இல் இயற்றப்பட்டது. கேரளத்தில் பயின்ற பெண்ணுக்கு அது பொருந்தாது. அவள் கேரளப் பட்டியலிலும், அகில இந்திய ஒதுக்கீட்டிலுமே தன் இடத்தைக் காணவேண்டும். எந்தப் பட்டியலில் நிற்கிறோம் என்பதை அறியாமல் மதிப்பெண்ணை ஒப்பிடுதல் வீண்.

தமிழில் தேர்வெழுத விரும்புவோர் மாதிரித் தேர்வையும் தமிழிலேயே எழுதிப் பழகவேண்டும். ஆங்கிலத் தாளில் வந்த வேகம் தமிழ்த் தாளில் வரும் என்று எண்ணுதல் கூடாது. தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களிலேயே வழங்கப்பட்டு வந்துள்ளது. வாளையார் மாணவிக்குக் கோவை அருகில் உள்ளது. பம்பாய் மாணவிக்கோ அது நெடும் பயணம். ஆகவே, விண்ணப்பிக்குமுன் அவ்வாண்டின் விதிகளைப் படித்தறிதல் நலம்.

இனி, கடன் வாங்கலாமா என்ற வினா. ஒரு மதிப்பெண்ணைக் கொண்டு அதற்கு விடை கூறுதல் இயலாது என்றே சொன்னோம். இன்னும் மூன்று முழுத் தேர்வுகளை, உண்மைத் தேர்வின் நேரத்தில், இடையே எழாமல் எழுதட்டும். ஒவ்வொன்றிலும் ஊகத்தால் வந்ததைக் கழித்து, எஞ்சியதைக் குறித்து வைக்கட்டும். கவனப் பிழைகள் குறைந்து அவ்வெண் ஏறிவருமாயின், மற்றுமோர் ஆண்டு உழைப்பதில் பொருளுண்டு. உண்மையாய் முயன்றும் அது அசையாது நிற்குமாயின், செவிலியர் கல்வி, மருந்தியல் முதலிய துறைகளையும் அமைதியாக எண்ணிப்பார்க்கலாம், அதில் இழிவேதுமில்லை. எவ்வாறாயினும் கடனை முடிவு செய்யவேண்டியது இம்மாதத்தில் அன்று.

நாம் விடைபெற்று எழுந்தபோது, தந்தையார் இரண்டு தாள்களையும் மகளிடமே கொடுத்தார். “அந்தப் பத்துப் பிழை எவை அம்மா? எனக்கும் ஒவ்வொன்றாகச் சொல்” என்றார். அவள் குறிப்பேட்டை விரித்து, முதற் பிழையை எழுதத் தொடங்கினாள்.