தள்ளுகிறவன் யார்?

(வாலிபர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சாரம்)

 

ஆஸ்திகத் தோழர்கள் நம்மை மடக்கிவிடுவதாக எண்ணிக்கொண்டு வழக்கமாய்க் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எந்த யந்திரமாவது முதலில் ஒருவன் தள்ளிவிடாமல் ஓடுமா? அப்படியானால் உலகத்தைத் தள்ளிவிட்டவனும் ஒருவன் இருக்கத்தானே வேண்டும்?" என்பார்கள். உலகத்தின் சங்கதி பெரிது, அது இருக்கட்டும். யந்திரத்தின் சங்கதியையாவது இவர்கள் தெரிந்துகொண்டு பேசுகிறார்களா என்பதே என் சந்தேகம். அதற்காகத்தான் இந்தச் சிறு நீராவி யந்திரத்தை மேஜைமேல் வைத்திருக்கிறேன். பார்வைக்கு விளையாட்டுச் சாமானாயினும் பெரிய யந்திரத்தின் முக்கிய உறுப்புகள் எல்லாம் இதில் உண்டு.

இந்தப் பித்தளைக் குழாய் சிலிண்டர். அதற்குள் போய்வருவது பிஸ்டன். பிஸ்டனுக்குத் தெரிந்ததெல்லாம் நேர்கோட்டில் போவதும் வருவதுமே. சக்கரத்துக்கோ சுற்ற மட்டுந்தான் தெரியும். இவ்விரண்டையும் சேர்த்து வைப்பது கனெக்டிங் ராடு. அதன் ஒரு முனை பிஸ்டன் தண்டோடும், மறுமுனை அச்சைவிட்டு விலகி நிற்கும் கிராங்கு முளையோடும் சேர்ந்திருக்கிறது. தையற்காரர் மிதிக்கும் பலகையையும் சக்கரத்தையும் சேர்க்கும் கம்பியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுதான் இது. இந்தச் சாதாரணக் கிராங்கை நீராவி யந்திரத்தில் உபயோகிக்க இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிக்கார்டு என்பவர் 1780-ல் பேடண்டு வாங்கிக்கொண்டார். அதனால் ஜேம்ஸ் வாட் 1781-ல் பல்சக்கரங்களைக் கொண்டு சுற்றுவழி தேடவேண்டியதாயிற்று. சாணைக்காரன் காலடியில் கிடந்த சாமானுக்கு உரிமைப் பத்திரம்! பொதுச்சொத்தைத் தனதென்று எழுதிக்கொள்ளும் வித்தை நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல போலும்.

தையற்காரர் மிதிப்பதற்கு முன் சக்கரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டுகிறாரே, ஏன்? அச்சும் முளையும் தண்டும் ஒரே கோட்டில் வந்து நின்றுவிட்டால், எவ்வளவு பலமாய் அழுத்தினாலும் சக்கரம் அசையாது. ஒரு சுற்றில் இப்படிப்பட்ட இடம் இரண்டு. ஓடும்போது அவற்றைத் தாண்டிவிடுவதற்கே இந்தக் கனத்த சக்கரம் வைத்திருக்கிறது. புறப்படும்போது நான் விரலால் தள்ளுவதும் இதற்காகவே. ஆஸ்திகர் பிரமாதப்படுத்தும் "முதல் தள்ளு" இவ்வளவுதான்! நீராவி ரயில் இஞ்சின் செய்தவர்கள் இரண்டு பக்கமும் இரண்டு சிலிண்டர் வைத்து, இரண்டு கிராங்குகளுக்கும் கால் சுற்று வித்தியாசம் வைத்தார்கள். ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கும்போது மற்றொன்று முழுப் பலத்தோடு தள்ளும். விரலுக்கு வேலை போயிற்று. "ஆவியைத் திறந்துவிடுகிறவன் ஒருவன் உண்டே?" என்பீர்கள். உண்டு. அவன் கரி படிந்த சட்டை போட்டுக்கொண்டு மாதச் சம்பளம் வாங்கிய டிரைவர். அவனுக்கு எவரும் கோவில் கட்டவில்லை.

இனி வால்வு. ஆவி பிஸ்டனை இந்தப் பக்கம் தள்ளியாயிற்று. திரும்பத் தள்ள வேண்டுமென்று ஆவிக்கு யார் சொல்வது? சிலிண்டருக்குப் பக்கத்தில் ஆவி நிறைந்த ஒரு பெட்டி இருக்கிறது. அதன் அடித்தட்டில் மூன்று துவாரங்கள். ஓரத்துத் துவாரங்கள் சிலிண்டரின் இரு முனைகளுக்கும், நடுத்துவாரம் வெளியேயும் போகின்றன. அவற்றின்மேல் கவிழ்த்த டப்பிபோல ஒன்று நகருகிறது. அதுதான் வால்வு. அது ஒரு பக்கம் நகர்ந்தால் ஓரத்துத் துவாரம் ஒன்று திறந்து புது ஆவி உள்ளே போகும். எதிர்முனையில் வேலை முடிந்த ஆவி, டப்பியின் குடைவு வழியாய் நடுத்துவாரத்தில் இறங்கி வெளியேறும். வால்வை நகர்த்துவது யார்? அதே அச்சுத்தான்! அச்சில் மையம் தவறிப் பொருத்திய எக்ஸென்ட்ரிக் என்னும் தட்டு, கிராங்குக்குச் சுமார் கால் சுற்று முந்தி நிற்கிறது. ஆகவே பிஸ்டன் ஒரு கோடியை அடைந்து நிற்கப்போகும் அதே சமயத்தில் வால்வு நடுவழியில் வேகமாய் நகர்ந்து, அடுத்த வாசலைத் திறக்கப் போகிறது. தள்ளப்பட்ட சக்கரமே அடுத்த தள்ளுக்கு வழி திறந்துவிடுகிறது. நடுவில் அசரீரி ஒன்றும் இல்லை. சில சிறு யந்திரங்களில் இந்த வால்வும் கனெக்டிங் ராடுங்கூட இரா. பிஸ்டன் தண்டே கிராங்கில் மாட்டியிருக்கும். சிலிண்டரே ஊஞ்சல்போல் ஆடி, தன் துவாரத்தை ஒரு பக்கம் ஆவி வழியோடும், மறுபக்கம் வெளிவழியோடும் சேர்த்துக்கொள்ளும்.

இவ்வகை ஆடும் சிலிண்டருக்கு மாதிரி செய்தவரும், நகரும் வால்வுக்கு 1799-ல் பேடண்டு பெற்றவரும் வில்லியம் மர்டாக். வாட்டின் கம்பெனித் தொழிலாளி. 1784-ல் கார்ன்வாலில், ரெட்ருத் என்ற ஊரில், சாராய விளக்கால் ஓடும் மூன்று சக்கர நீராவி வண்டி மாதிரி ஒன்றைச் செய்தார். இராக்காலத்தில் அது தீயோடு சீறிக்கொண்டு ஓடிவருவதைக் கண்டு, அவ்வூர்ப் பாதிரியார் சாத்தானே வந்துவிட்டான் என்று அலறியதாக ஒரு கதை வழங்குகிறது. தினமும் சாத்தானைப்பற்றிப் பிரசங்கம் செய்கிறவருக்கு அவன் அடையாளம்கூடத் தெரியவில்லை, பாருங்கள்!

நம்மவர்கள் மட்டும் குறைந்தவர்களா? ஆயுத பூஜையன்று யந்திரத்துக்குச் சந்தனம் பூசுவார்கள். மறுநாள் அது நின்றுவிட்டால் "கண் பட்டுவிட்டது", "கைராசி இல்லை" என்பார்கள். எக்ஸென்ட்ரிக்கின் திருகு தளர்ந்து, தட்டு நழுவிக் கிராங்கோடு ஒரே நேராய் நின்றால் என்ன ஆகும்? பிஸ்டன் போகும் பாதித் தூரம் ஆவி உதவி செய்யும். மீதிப் பாதித் தூரம் அதே ஆவி எதிர்த்துத் தள்ளும். யந்திரம் எப்படி ஓடும்? இதற்கு எலுமிச்சம்பழம் என்ன செய்யும்? நின்ற யந்திரத்தின் கூலியை மட்டும் தொழிலாளி தலையில் பிடித்துக்கொள்வார்கள்.

இதோ திருகைத் தளர்த்தி, தட்டைச் சுமார் அரைச் சுற்றுத் திருப்பி மறுபடியும் முடுக்குகிறேன். இதுவரை வலப்பக்கம் சுற்றிய சக்கரம் இனி இடப்பக்கம் சுற்றும். பின்வரிசையில் உள்ளவர்களும் கிட்டே வந்து பாருங்கள்; சிலிண்டரை மட்டும் தொடவேண்டாம், சுடும்.