குழந்தையின் தோலும் தலைவிதியும்
(சிவகாசிப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



குழந்தைகளுக்கு வரும் சொரியாஸிஸ் என்னும் தோல் வியாதியைப்பற்றிச் சில வார்த்தை சொல்ல விரும்புகிறேன். சித்த வைத்தியர்கள் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் தோல் சிவந்து தடித்து, வெள்ளைச் செதில் உதிரும்.

இப்படிப்பட்ட குழந்தையைக் கண்டால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? பூர்வஜென்ம பாபம் என்கிறார்கள். தாய் கிரகணத்தில் வெளியே போனாள் என்கிறார்கள். குஷ்டமென்று பயந்து தனியே உட்காரவைக்கிறார்கள். குஷ்டத்துக்கே இன்று மருந்துண்டு. அது வேறு, இது வேறு என்று வியன்னா நகரத்து டாக்டர் ஹெப்ரா 1841-லேயே பிரித்துக் காட்டிவிட்டார். அந்தச் சேதி நம் தெருவுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை!

தோழர்களே! உள்ள சங்கதி இதுதான். தோலின் அடியில் பிறக்கும் அணு மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதமாகும். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி தவறிப்போய்த் தன் தோலையே தூண்டுவதால், சில நாட்களிலேயே அது மேலே வந்து குவிகிறது. தொட்டால் ஒட்டாது. வம்சவழியாக வரக்கூடும், ஆனால் வம்சவழி கர்மபலனல்ல. தொண்டைப்புண்ணுக்குப் பின் சிறு துளிகளாய் உடலெங்கும் தோன்றுவதுமுண்டு.

இவ்வியாதி தானே தணியும், பிறகு திரும்பும். தணியும்போது கடைசியாகக் காசு வாங்கினவருக்குப் பெயர்! இருக்கன்குடிக்கு நேர்ந்திருந்தால் அம்மன் கிருபை. மந்திரித்திருந்தால் மந்திரவாதியின் சாமர்த்தியம். திரும்பி வந்தாலோ குழந்தையின் தலைவிதி! இந்தக் கணக்கை எந்த விருதுநகர் வியாபாரியாவது தன் பேரேட்டில் ஒப்புக்கொள்ளுவாரா?

பெரியம்மையும் அம்மன் விளையாட்டாகத்தானிருந்தது. அது உலகைவிட்டே ஒழிந்ததென்று 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது அம்மைகுத்துதலா, கூழ் ஊற்றுதலா?

மருந்துக்கும் பொய்ப்பெருமை வேண்டாம். "வேரோடு அறுப்பேன்" என்று விளம்பரம் செய்கிறவனை நம்பாதீர்கள். மருந்து வியாதியை அடக்கும். குழந்தையைத் தூங்கவும் படிக்கவும் விடும். கொஞ்சமாயிருந்தால் ஸ்டீராய்டு களிம்பு, கால்சிபோட்ரியால், நிலக்கரித் தார் முதலியவை. அதிகமானால் ஒளிச் சிகிச்சை, மெத்தோட்ரெக்ஸேட். கடுமையான வியாதிக்கு, 4 வயது முதல் எடனர்செப்ட் ஊசி போடலாமென்று அமெரிக்க அரசாங்கம் 2016-ல் அனுமதித்தது.

இந்த ஊரில் மருந்தென்றால் வெடிமருந்துமாகும். அளவு தப்பினால் என்னவாகுமென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இதுவும் அப்படியே. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருநாள் மட்டுமே. தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இரத்தப் பரிசோதனையும் அவசியம். டாக்டரைக் கேளாமல் ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். ஸ்டீராய்டு மாத்திரையைத் தின்று திடீரென நிறுத்தினால் சீழ்க்கொப்புளமாய்க் கிளம்பவும் கூடும்.

ஆகவே தாய்மார்களே! நேர்த்திக்கடனுக்கு முடிந்துவைத்த பணத்தைப் பஸ்ஸுக்குக் கொடுங்கள். விருதுநகரில் 2022-ல் அரசாங்க மருத்துவக் கல்லூரியே திறந்தாகிவிட்டது. அங்குள்ள ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் போய், "இது ஒட்டாது, என் பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு உட்காரவையுங்கள்" என்று தைரியமாய்க் கேளுங்கள். அது பிச்சையல்ல, உங்கள் குழந்தையின் உரிமை என்று சொல்லி என் வார்த்தையை முடித்துக்கொள்ளுகிறேன்.