கெண்டி எங்கே நிற்கிறது?

1885-ல் வான்கோ, 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தின் கல்லச்சுப் பிரதியை நண்பர் வான் ராப்பார்டுக்கு அனுப்பினார். ராப்பார்டும் ஓவியர், அவர் கண்ட குறைகள் துல்லியமானவை. காப்பிக் கெண்டி மேசைமேலும் நிற்கவில்லை, யாரும் பிடித்திருப்பதாகவும் தெரியவில்லை. ஒரு மனிதருக்கு முழங்காலும் வயிறும் நுரையீரலும் இருக்கிற அடையாளமே இல்லை. எல்லாம் திருத்தக்கூடியவை. ஆனால், இப்படி வரைந்துவிட்டு மியே போன்ற ஓவிய மேதையின் பெயரைச் சொல்ல எப்படித் துணிந்தீர் என்றும் கேட்டுவிட்டார். வான்கோ அந்த விமர்சனக் கடிதத்தையே திருப்பி அனுப்பினார். சுமார் ஐந்தாண்டு நட்பு அந்த ஆண்டிலேயே முறிந்தது.

இதமாகவே பேசிக்கொண்டிருந்தால் கலை வளருமா என்பார்கள். வளராதுதான். கெண்டியைப் பற்றிச் சொன்னதும் இதமான பேச்சல்லவே! ஆனால் அது படத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டியது. மியே பேச்சு வரைந்தவரையே தொட்டது. அங்கே ரப்பர் வைத்து அழிக்க என்ன இருக்கிறது? படத்தைப் பிறருக்குக் காட்டும் ஓவியருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அந்தக் கல்லச்சை நினைவிலிருந்து ஒரே நாளில் வரைந்ததாக வான்கோ பிற்பாடு விளக்கினார். இத்தகைய விவரம் படத்தோடு சேர்ந்தே போனால், பார்ப்பவர் எதை அளப்பது என்று தெரிந்து அளப்பார். அதற்காகக் குறை மறைந்துவிடாது. 1886 ஜனவரியில் ஆன்ட்வெர்ப் கலைக்கழகத்தில் சேர்ந்து மனித உடலை வரையப் பழகியவரும் இதே வான்கோதான்.