மலையிலிருந்து வரும் பிள்ளை

(ஸ்ரீரங்கத்தில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் ஒன்பதாம் வகுப்பில் பச்சைமலையைச் சேர்ந்த மாணவி ஒருத்தி சேர்ந்தாள். சான்றிதழில் இனம் 'மலையாளி' என்றிருந்தது. "அப்போ மலையாளம் பேசுவியாம்மா?" என்று வகுப்பு நடுவே கேட்டுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பின் பல வாரங்கள் வகுப்பில் அவள் பேசவே இல்லை. "மலைப் பிள்ளைங்க அப்படித்தான் சார், கூச்சப்படுவாங்க" என்றார் சக ஆசிரியர். நானும் நம்பினேன்.

துறையூரைத் தாண்டினால் பச்சைமலை. நம் மாவட்டத்து மலை. ஆனாலும் அந்த மக்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் படித்தேன். அவர்கள் தாய்மொழி தமிழ். மலையில் வாழ்பவர் என்பதால் மலையாளி. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், உடன்பிறந்தார் மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சைமலைகளில் குடியேறினர் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூலிலும் இந்த மரபு பதிவாகியிருக்கிறது. வண்ணாடு, தென்பரநாடு என ஊர்ப் பெயர்களிலேயே 'நாடு' இருக்கிறது. நாம்தான் 'காடு' என்கிறோம்.

அந்த மாணவி மீண்டும் வாய் திறந்தது ஒரு வேளாண்மைப் பாடத்தின்போது. கடையில் வாங்கிவந்த சிறுதானியங்களைத் தட்டுகளில் வைத்து, ஒன்றைக் காட்டி "இது வரகு" என்றேன். பின்வரிசையிலிருந்து மெல்லிய குரல்: "இல்ல சார், அது சாமை. வரகரிசி இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கும்." தட்டுகளை அவளிடமே கொடுத்தேன். வரகுக்கு மேல்தோல் கெட்டி, குத்தி எடுப்பது எவ்வளவு பாடு என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்றார்கள். ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது எனக்கு அவள் நினைவுதான் வந்தது.

நண்பர்களே, மலைப் பிள்ளைகளைப் பற்றி நம்மிடம் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று, 'படிப்பு ஏறாது' என்பது. மற்றொன்று, 'வெள்ளந்தி மனிதர்கள், கள்ளங்கபடம் தெரியாதவர்கள்' என்பது. இரண்டாவது பாராட்டுப் போலத் தோன்றும். ஆனால் இரண்டிலுமே அந்தப் பிள்ளையிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

2024இல் பச்சைமலையைச் சேர்ந்த பழங்குடி மாணவி ஒருவர் அரசுப் பள்ளியில் படித்து, ஜே.இ.இ. தேர்வெழுதித் திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தார். பலரும் மகிழ்ந்தோம். கூடவே வியந்தோம். அந்த வியப்பைத்தான் நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். மலைக்கோட்டையருகே வளர்ந்த பிள்ளைக்கு அதே இடம் கிடைத்திருந்தால் வாழ்த்தியிருப்போம்; அதிசயம் என்றிருக்க மாட்டோம்.

குறைகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. மலைப்பாதையில் பேருந்து குறைவு. மேற்படிப்புக்கு வீட்டைவிட்டு விடுதிக்கு வர வேண்டும். பெற்றோர் கூலி வேலைக்கு வெளியூர் போனால் படிப்பு தடைப்படும். இவை வசதிக் குறைகள். இவற்றை அறிவுக் குறை என்று நாம் எழுதிவிடக் கூடாது.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். சான்றிதழில் உள்ள பெயரைப் பற்றி வகுப்பில் கேட்பதற்கு முன், நாம் தெரிந்துகொள்வோம். உள்ளூர்ப் பாடம் நடத்தும்போது பச்சைமலையையும் கொல்லிமலையையும் சுற்றுலா இடங்களாக மட்டும் காட்டாமல், மக்கள் வாழும் ஊர்களாகக் காட்டுவோம். மலைப் பிள்ளை பேசாமல் இருந்தால், கூச்சம் என்று முடிவு கட்டுமுன் நாம் என்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்ப்போம்.

அந்த ஆண்டு இறுதியில் அவளிடம், "அன்னைக்கு அப்படிக் கேட்டது தப்பும்மா" என்றேன். "பரவாயில்ல சார், நெறைய பேரு கேப்பாங்க" என்றாள். அவளை இன்னொருவர் அப்படிக் கேட்காமலிருக்க, நம் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளுக்காவது இது தெரிந்திருக்கட்டும்.