வலிப்பு நோயும் செவிலியர் மனப்பாங்கும்

(செவிலியர் பயிற்சி வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய உரை)



உலகில் சுமார் 5 கோடி மக்களுக்கு வலிப்பு நோய் உள்ளதென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினர் எனக் கணக்கிடப்படுகிறது. முறையாக மருந்து உட்கொண்டால் நூற்றுக்கு எழுபது பேர் வலிப்பின்றி வாழ இயலும். பினோபார்பிட்டோன் என்னும் மருந்து 1912 முதல் பயன்பட்டு வருகிறது, விலையும் மலிவு. ஆயினும், சிகிச்சையே பெறாதோரும், பாதியில் நிறுத்திவிட்டோரும் நம் கிராமங்களில் ஏராளம். காரணம் மருந்துப் பற்றாக்குறை மட்டுமன்று. மனப்பாங்கும் ஒரு காரணமாகும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய வார்டில் ஒரு சிறுவனுக்கு வலிப்பு கண்டது. செவிலியர் ஒருவர் அவன் பற்களுக்கிடையே கரண்டியைத் திணித்தார். மற்றொருவர் அவன் கையில் கொடுக்கச் சாவிக்கொத்தைத் தேடி ஓடினார். இருவரும் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களே. சிறுவனுக்கு ஒரு பல் உடைந்தது. அதனினும் பெரிய இழப்பு ஒன்று நேர்ந்தது. அருகில் நின்ற தந்தை இதைக் கவனித்தார். ஆஸ்பத்திரியிலேயே இரும்பைத்தான் நம்புகிறார்கள் என்றால் மாத்திரை எதற்கு என்று கேட்டுவிட்டு, மகனை மந்திரவாதியிடம் அழைத்துச் சென்றார்.

இரும்பு வலிப்பை நிறுத்துவதில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். அவ்வேளையில் இரும்பு கையில் இருந்தால் புகழ் அதற்குப் போய்ச் சேருகிறது. செய்யத்தக்கவை எளியவை: தலைக்கடியில் மென்மையான துணியை வைத்து, இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கை கால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. வாயில் எதையும் இடலாகாது. முழு நினைவு திரும்பும் வரை நீரும் புகட்டலாகாது. வலிப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் அது அவசர நிலை. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

இவற்றைக் கற்பிப்பது எளிது. கடினமான கேள்வி வேறு. இந்நோய் தொற்றுமா என்று கேட்டால், இல்லை என்று உடனே விடையளிப்பீர்கள். இந்நோய் உள்ள வீட்டில் பெண் எடுப்பீர்களா என்று கேட்டால் எத்தனை பேர் தயங்காமல் விடை கூறுவீர்கள்? சட்டமும் ஒரு காலத்தில் இவ்வாறே தயங்கியது. இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம், அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்திற்குத் தடையாக்கியது. 1999-இல் அத்தடை நீக்கப்பட்டது. சட்டம் மாறிவிட்டது, நம் உள்ளம் மாறியதா?

நோயாளி வீடு திரும்பும் நாளில் மாத்திரையைக் கையில் கொடுப்பவர் செவிலியரே. அந்த ஐந்து நிமிடம் மிக முக்கியமானது. வலிப்பு நின்றதும் மருந்தைத் திடீரென நிறுத்தினால் அது கடுமையாகத் திரும்பக்கூடும். குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இதை நோயாளியின் மொழியில் கூறுங்கள். பேறுகாலக் கவனிப்பும் தலைக்காயத் தடுப்பும் சுகாதாரமும் வலிப்பின் சில காரணங்களையே தடுக்க வல்லவை என்பதையும் எடுத்துரையுங்கள். பன்றி நாடாப்புழுவின் முட்டை அசுத்தமான உணவு, நீர் வழியே உடலுட்சென்று மூளையைத் தாக்குவது நம் நாட்டில் வலிப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும்.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இடையறாது கிடைக்கச் செய்யுங்கள். செவிலியர்க்கு மறுபயிற்சி அளிக்கும்போது, அவர்கள் அறிவைச் சோதிப்பதோடு நில்லாமல், அச்சங்களை மனம்விட்டுப் பேசவும் வாய்ப்பளியுங்கள். செவிலியரின் கை சாவிக்கொத்தைத் தேடாத வார்டில்தான் நோயாளியின் தந்தைக்கு மாத்திரையின்மேல் நம்பிக்கை பிறக்கும்.