கல்லில் பட்ட கட்டைவிரல்

போன வாரம் அப்பாகிட்ட ஒரு பிரிண்டைக் காட்டினேன். என்னோட முதல் லித்தோகிராஃப். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பேப்பரை ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தார். ஓரத்துல விரலை வெச்சு, "இங்க கை பட்டிருக்கும்மா. ஷீட் வேஸ்ட்"னார்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல முப்பது வருஷம் ஆஃப்செட் மெஷின் ஓட்டினவர். மருந்து அட்டைப்பெட்டி, நோட்டீஸ், ஸ்கூல் டைரி. இந்த மாதிரி கறையைப் பிடிக்கிறதுதான் அவர் வேலை. ஒரு தடவை ஒரு லாட் முழுக்க லேசா அழுக்கு ஏறிடுச்சு, அந்தக் காசை அவர் சம்பளத்துல பிடிச்சாங்க. இன்னைக்கும் வீட்ல அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம்.

அவர் மெஷினுக்குத் தாத்தாதான் லித்தோகிராஃபி. 1790-களின் கடைசியில, ஜெர்மனியில செனஃபெல்டர்னு ஒரு நாடகக்காரர், தன் நாடகங்களைச் செலவில்லாம அச்சடிக்க வழி தேடினப்போ கண்டுபிடிச்சது. விஷயம் ரொம்ப எளிமை: எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லுல கொழுப்புள்ள பென்சிலால வரையறோம். கருவேலம் பிசின்ல கொஞ்சம் ஆசிட் கலந்து மேல தடவறோம். அப்புறம் டர்பன்டைன் ஊத்தித் துடைச்சா, வரைஞ்சது கிட்டத்தட்ட காணாம போயிடும். முதல் தடவை எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. கல்லை ஈரமாக்கி மை ரோலரை உருட்டினா, வரைஞ்ச இடம் மட்டும் மையை வாங்கிக்கிட்டு மெல்ல திரும்பி வரும்.

கொழுப்புன்னா நம்ம கையில இருக்கிற எண்ணெய்ப் பசையும்தான். என் கட்டைவிரல் தெரியாமத்தான் பட்டுச்சு. கல்லு அதையும் ஞாபகம் வெச்சுக்கிச்சு. பார்த்ததுக்கு அப்புறம் அழிக்க மனசு வரல.

நம்ம ஊர்ல லித்தோன்னா ரொம்ப நாளா சாமி படம்தான். ரவி வர்மா 1894-ல பம்பாய்ல பிரஸ் ஆரம்பிச்சதுல இருந்து, பூஜை ரூம் வரைக்கும் அது வந்தாச்சு. உருவமே இல்லாத லித்தோ வேற ரகம். தண்ணியில கரைச்ச மையைக் கல்லுல ஊத்தி விட்டா, அது காயும்போது தானா சுருங்கி, வெயில்ல வெடிச்ச ஏரி மண் மாதிரி கோடு போடும். கொரட்டூர் ஏரியைக் கோடையில பார்த்தவங்களுக்குப் புரியும். அந்தக் கோட்டை எந்தக் கையாலயும் வரைய முடியாது.

இதுல நான் திரும்பத் திரும்பப் போறது ஆர்.எம். பழனியப்பன்கிட்ட. 1957-ல தேவகோட்டையில பிறந்தவர், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில படிச்சவர், பின்னாடி கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமிக்குப் பொறுப்பா இருந்தவர். விமானம், விண்வெளின்னா அவருக்கு உயிர். அவருக்குக் கோடுங்கிறது ஒரு பொருளோட ஓரம் இல்லை. ஒண்ணு நகர்ந்து போனதோட தடம். மொட்டை மாடியில நின்னு, விமானம் போன வழியைப் பார்க்கிற மாதிரி.

அவர் 1991-ல அமெரிக்காவுல டாமரிண்ட் இன்ஸ்டிடியூட்ல லித்தோ படிச்சார். அந்த இடத்தோட கதையைத்தான் அப்பாகிட்ட சொல்லணும்னு நினைச்சேன். ஜூன் வேய்ன்ங்கிற ஓவியருக்குத் தன் கல்லை அச்சடிச்சுக் கொடுக்க அமெரிக்காவுல ஆள் இல்லை, பாரிஸுக்குப் போக வேண்டியிருந்துச்சு. அதனால 1960-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல அவங்களே தொடங்கினாங்க, அச்சுக்காரங்களை உருவாக்குறதுக்காக. 1970-ல அது நியூ மெக்ஸிகோவுக்குப் போச்சு. அங்க பிரிண்ட் ஓரத்துல ஒரு சின்ன முத்திரையை மையில்லாம அழுத்தி வைப்பாங்க. பட்டறைக்கு ஒண்ணு, அச்சடிச்சவருக்குத் தனியா ஒண்ணு.

அப்பா இதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசல. முப்பது வருஷத்துல எத்தனை லட்சம் ஷீட் ஓட்டியிருப்பார்? எதுலயும் அவர் கை தெரியக் கூடாது, அதுதான் நல்ல வேலை.

"அந்த முத்திரை எவ்ளோ பெருசு இருக்கும்?"

நகம் அளவுன்னு காட்டினேன்.

மறுபடியும் என் பிரிண்டை எடுத்தார். கீழே பென்சில்ல என் கையெழுத்து, நம்பர், வருஷம். "உனக்கு ரோலர் உருட்டினது யாரு?"

ஸ்டூடியோவுல ஒரு அண்ணன். ரெண்டு நாள் எனக்காக நின்னார். நான் அவர் பேரை எங்கயும் போடல.

அன்னைக்கு ராத்திரியே அவருக்குப் போன் பண்ணி, இனிஷியல் என்னன்னு கேட்டேன். "எதுக்கு?"ன்னார்.